மாடித் தொட்டிகளுக்குத் தீர்த்தம்

ஜிலேபி மீனை வறுப்பதைவிடக் குழம்பு வைப்பதுதான் நல்லது, டாக்டரம்மா. ஆனால் மீன்வளத் துறையிலிருந்து நீங்கள் வந்தது அதைக் கேட்க இல்லை.

எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் பாதி மொட்டை மாடிகளில் மீன் தொட்டி உண்டு. போன வருஷம் எதிர்வீட்டு டொமினிக்கின் மீன்கள் செத்தபோது, சோம்பேறி வீட்டு மீன்தான் சாகும் என்று தெரு முழுக்கச் சொன்னவன் நான்.

இந்த வருஷம் என் மீன்கள் கண் பிதுங்கி, வட்டமடித்து, சாய்ந்தன. புது பாக்டீரியா ஒன்று வந்திருக்கிறது, தண்ணீர் வழியாகத் தொட்டி விட்டுத் தொட்டி தாவும் என்று நீங்கள்தான் சர்ச் ஹாலில் விளக்கினீர்கள். முன்வரிசையில் இருந்தேன். நன்றாகவே புரிந்தது.

என் தொட்டி மட்டும் காலியானால் டொமினிக் சும்மா விடுவானா? எல்லார் மீனும் செத்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை, கொள்ளைநோய்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு ஃபாதர் மாடி மாடியாக ஏறித் தொட்டிகளை மந்திரிப்பது எங்கள் சந்தின் வழக்கம். தீர்த்த பக்கெட்டைப் பிடிப்பது நான். ஃபாதர் தெளிப்பார், அது பத்தாதென்று ஆளுக்கொரு மக் கேட்டு வாங்கித் தொட்டியில் ஊற்றிக்கொள்வார்கள். அன்று பக்கெட்டில் பாதி என் தொட்டித் தண்ணீர்.

"அங்கிள், இன்னொரு மக் குடுங்க. எம்பொண்ணு ஜூலியா கல்யாணத்துக்குன்னு வளக்குற மீனு" என்றாள் பவுலின்.

"உனக்கில்லாததாம்மா?" என்று இரண்டாகவே கொடுத்தேன்.

டொமினிக் மட்டும் கதவைத் திறக்கவில்லை. பெந்தகோஸ்தேக்கு மாறிவிட்டவன். "தீர்த்தம் கீர்த்தமெல்லாம் நமக்கு ஆகாது ஆம்ப்ரோஸ். அடுத்த வூட்டப் பாரு" என்றான் ஜன்னல் வழியாக.

ஒரே வாரத்தில் சந்து நாறியது. பவுலின் என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணத்துக்குக் கோழி போட்டுக்கலாம் என்று நான்தான் தேற்றினேன். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன் வேண்டாமா?

டொமினிக்கின் மீன்கள் மட்டும் கொழுத்துத் துள்ளின. "இவன் மட்டும் எப்படிப்பா தப்பிச்சான்?" என்று டீக்கடையில் ஒரு தரம் கேட்டேன். அவ்வளவுதான். நேற்று மாடியேறி அவன் தொட்டியை உடைத்துவிட்டார்கள். பவுலின்தான் முதல் கல்லைப் போட்டாளாம். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

தீர்த்தம் நுழையாத வீட்டில் மட்டும் மீன் பிழைத்ததை நீங்கள் கவனித்தது கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதும்போது சரியாக எழுதுங்கள், டாக்டரம்மா. மக் கேட்டு வாங்கியது அவர்கள். தெளித்தது ஃபாதர். நான் பக்கெட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.