நடைவழியில் தூங்குகிறவர்

— நாளைக்கேவா கழட்டுறாங்க?

— காலையிலயே கழட்டி, கீழ கிடங்குல போட்டுடுவாங்களாம். இப்பதான் மேலாளரைப் பார்த்துட்டு வரேன். என் படத்தை யாருமே நின்னு பார்க்கறதில்லையாம்.

— சொல்றதைக் கேளு. கழிப்பறைக்குப் போற நடையில மாட்டினா எவன் நிப்பான்? அவசரத்துல போறவன் ஓவியமா பார்ப்பான்?

— மத்தவங்களை விடுங்க. இதே மியூசியத்துல நீங்க வழிகாட்டி. தினமும் கூட்டம் கூட்டமா கூட்டிட்டு வரீங்க. பொண்டாட்டி வரைஞ்ச படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாதா?

— சொல்றதைக் கேளும்மா. வர்றவங்க எல்லாரும் கேக்கறது அந்த ராணி படத்தைத்தான். அதைக் காட்டி, செல்ஃபி எடுக்க விட்டு, பஸ்ல ஏத்தறதுக்குள்ள தாவு தீர்ந்துடுது.

— அவ மூஞ்சியாலதான் நமக்குச் சோறு, ஒத்துக்கறேன். ஆனா அங்கேருந்து வெளிய போற வழியே இந்த நடைதானே? நீங்க மட்டும் எல்லாரையும் பின்பக்கப் படிக்கட்டுல சுத்திக் கூட்டிட்டுப் போறீங்களாம். காவலுக்கு இருக்கற அக்கா சொன்னாங்க.

— அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல.

— மழுப்பாதீங்க. அவ்வளவு கேவலமாவா வரைஞ்சிருக்கேன்?

— சேச்சே. யாரு சொன்னா?

— பின்ன என்ன? வயிறு எரியுதுங்க எனக்கு. எவனெவனோ வரைஞ்சதுக்கெல்லாம் விளக்கம் சொல்ற வாய், இதுக்கு மட்டும் திறக்க மாட்டேங்குதே.

— படத்துல திறந்து வெச்சிருக்கற வாயே போதும்.

— என்னது?

— சாப்பாட்டு மேசையில நான் வாயைப் பொளந்துட்டுத் தூங்கறதைத்தானே வரைஞ்சு வெச்சிருக்க. மாட்டின புதுசுல ஒரு கூட்டத்தை அங்க நிறுத்தினேன். படத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. ஒரு அம்மா, "தம்பி, இது நீங்கதானே"ன்னாங்க. அவ்வளவுதான், பஸ் ஏறற வரைக்கும் சிரிப்பு. ஒருத்தன் குறட்டை விட்டே காட்டினான். மானமே போச்சு. அன்னைக்குப் பிடிச்சதுதான் பின்பக்கப் படிக்கட்டு.

— இருங்க. அது நீங்கதான்னு நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்களா?

— நான் எதுக்குச் சொல்றேன்? வரைஞ்சது நீன்னு கூடச் சொல்லல. பார்த்ததும் அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க.

— பார்த்ததுமா?

— பார்த்ததும்.

— என் படத்துக்கு இதுவரைக்கும் கிடைச்ச ஒரே பாராட்டுங்க அது. அதையும் எங்கிட்ட சொல்லாம நீங்களே வெச்சுக்கிட்டீங்க.