தறிக்குழியில் பாட்டு

திருத்தணியில் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், கூட வந்தவளிடம், "எங்க வூட்டு தறிக்குழியில இப்போ பாட்டு பாடுது," என்றாள். நெய்கிறவர்கள் கால் விட்டு உட்காரும் குழியில் எப்படிப் பாட்டு பாடும்?

"இன்னாக்கா சொல்ற?"

"எங்க வூட்டுக்காரருதான். டேப் ரெக்கார்டருக்கு அவரே ஆம்ப்ளிபயர் கட்டினாரு. மொதல்ல ஸ்பீக்கர மண்பானை மேல கவுத்து வெச்சாரு. சத்தம் போதலியாம். குழிக்குள்ள எறக்கினா கும்முனு வரும்னு தறிய கழட்டிட்டாரு. எங்க நைனா போட்டுக் குடுத்த தறி."

"நீ பாத்துகினு சும்மாவா இருந்த?"

"ஒரு வாரம்தான்னு சொன்னாரு. அப்பறம் அந்த மரத்தையே அறுத்து ஸ்பீக்கருக்குப் பொட்டி பண்ணிட்டாரு. நல்லா காஞ்ச மரம், அதிராதாம்."

"உன் மாமியாரு ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. எம்புள்ள முருகர் பாட்டு போடுறான்னு சொன்னாங்க. தெருவே வந்து ஒக்காந்துகினு கேக்குது. இன்னா மூளை, இன்னா மூளைன்னு அவர மெச்சிகினு போவுது."

"நெசவுக்கு இன்னா பண்ற?"

"தெருக்கோடியில எங்க ஓரகத்தி வூட்ல கூலிக்கு நெய்யுறேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது கூட வந்தவள், "பாட்டாவது நல்லா கேக்குதாக்கா?" என்றாள்.

"ஆங், நல்லா கேக்குது. ஓரகத்தி வூட்டுக் குழியில ஒக்காந்துகினு இருக்கேன் இல்ல, அது வரைக்கும் கேக்குது."