விரலை எடுத்தால்தான் காது கேட்கும்

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு தம்பிக்கு, நீங்கள் கொடுத்தனுப்பிய தே தாரிக் டீ நன்றாக இருந்தது. சீனி மட்டும் கொஞ்சம் கூடுதல். காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல உபசாரம் என்று தெரிந்திருந்தால் மார்ச் மாதமே வந்திருப்பேன்.

வாயால் சொன்னதை நீங்கள் கேட்டபடி என் கையாலேயே எழுதித் தருகிறேன். பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. வயது அறுபத்தொன்று. கெலுகோரில் தனியாக இருக்கிறேன். சின்ன விமானங்களுக்கு ரேடியோ பொருத்துவது முப்பத்து நான்கு வருட வேலை. எதற்காக வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. சண்முகம் செட்டியாரும் அவர் மனைவி கண்ணம்மை ஆச்சியும் இறந்த விமான விபத்தைப் பற்றி அறிக்கை வந்திருக்கிறது. அதில், 'பேசும் பொத்தான் பழுதாகிச் சிக்கிக்கொண்டது, பொருத்திய விதத்தில் தரக்குறைவு' என்று ஒரு வரி. செய்த வேலையைப் பதியும் ஜாப் கார்டில் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட மேற்பார்வையாளர் ஐமானை அந்த வரியை வைத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாவம்தான். ஆனால் நான் வந்தது ஐமானுக்காக அல்ல. என் கைவேலையை யாரும் இதுவரை தரக்குறைவு என்று சொன்னதில்லை.

அந்தப் பொத்தான் பழுதாகவில்லை, தம்பி. நான் எப்படிப் பொருத்தினேனோ அப்படியே வேலை செய்தது.

விமானத்தை ஓட்டும் பிடி கார் ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டியது போல இருக்கும். அதன் இடது கொம்பில், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டிருக்கும் வரை நீங்கள் பேசலாம், ஊரே கேட்கும். ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு எதுவும் கேட்காது. விரலை எடுத்தால்தான் காது கேட்கும். இதைவிட நாகரிகமான கருவியை மனிதன் செய்ததில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் சங்கக் கூட்டங்களிலும் இப்படி ஒன்று வைக்கலாம்.

சண்முகத்துக்கு விரலை எடுப்பதுதான் கஷ்டம். சொந்தமாக நான்கு இருக்கை விமானம் வைத்திருந்தார். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருக்கும் கடையைப் பற்றியும், காலையில் சாப்பிட்ட நாசி கண்டாரைப் பற்றியும் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் இருக்கும் ஃபராவிடம் வானத்திலிருந்தே சொல்வார். அந்தப் பெண் பொறுமைசாலி. விரலை எடுங்கள் சார் என்று சொல்வதற்குக்கூட அவர் விரலை எடுக்க வேண்டுமே.

எனக்கு அவர் வைத்த பெயர் 'ஓம் அண்ணே'. எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் வீட்டில் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வோம். வாயில் வந்துவிடும். நான் ஓம் என்றால் சண்முகம் உடனே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் வருடம் நானும் சிரித்தேன். இருபது வருடம் அதே நகைச்சுவையைச் சலிக்காமல் செய்ய ஒரு தனி உழைப்பு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

போன வருடம் என் மனைவி வள்ளிநாயகி இறந்தாள். சண்முகம் பெரிய மாலையோடு வந்தார். சவப்பெட்டி இன்னும் ஹாலில்தான் இருந்தது. வந்தவர்களின் மனதைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, ஒரு கதை சொன்னார்: "நம்ம ஓம் அண்ணே கல்யாணத்துல ஐயரு, பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டாராம். இவரு ஓம்ன்னாராம். ஐயரு மந்திரம் ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சு எல்லாரும் அரிசி போட்டுட்டாங்களாம்லா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் காரணம் என்று எழுத வேண்டாம். அவ்வளவு சின்ன மனிதனில்லை நான்.

பிப்ரவரியில் நான் வேலை செய்யும் விமானக் கொட்டகைக்கு, ஹேங்கருக்கு, வந்தார். "அண்ணே, வெரல் நோகுதுலா. ஒரு தட்டு தட்டுனா நிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. திரும்பத் தட்டுனா மேல வரட்டும்."

வீட்டு பெல்லில் விரலை எடுத்ததும் சத்தம் நிற்கிறது. லைட் சுவிட்ச் போட்டது போட்டபடி நிற்கிறது. பேசும் பொத்தான் பெல் மாதிரி மட்டும்தான் இருக்கலாம், இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. வேறு யார் கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பேன். அவர் கேட்டதால் லைட் சுவிட்ச் மாதிரி ஒன்றைத் தேடி வாங்கினேன். கொம்பில் துளை போட்டு, பிசிறு ராவி, கம்பியைப் பிடியின் உள்ளே விட்டுப் பற்றவைத்தேன். கம்பி வெளியே தெரியாது. அழகான வேலை. ஜாப் கார்டில் 'பழையது போலவே புதியது' என்று எழுதினேன். ஐமான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இருபது வருடப் பழக்கம் அப்படி.

சண்முகம் தரையில் இருக்கும்போது ஞாபகமாகத் திரும்பத் தட்டுவார், ஆகாயத்தில் வேலை கூடும்போது மறப்பார் என்று எனக்குத் தெரியும். மறந்தால் செவிடு. ஒருமுறை மாட்டிக்கொண்டால் அவரும் கொஞ்சம் கேட்கப் பழகுவார் என்று நினைத்தேன்.

நான் எச்சரிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். மார்ச்சில் லங்காவித் தீவுக்குப் புறப்படும் காலையில் அவர் நேரடியாகவே கேட்டார். "அண்ணே, இந்த பட்டன்ல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

"ஓம்" என்றேன்.

கைகூப்பிக் கண்ணை மூடினார். பிறகு சிரித்துக்கொண்டே ஏறிப் போனார். பக்கத்து இருக்கையில் ஆச்சி. அவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டதும், பெல்ட்டை இறுக்கமாகப் போடச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பினார்கள். ஹேங்கர் ரேடியோவில் சண்முகத்தின் குரல் வந்தது. இறங்க அனுமதி கேட்டார், பிறகு நிற்கவே இல்லை. ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார், விமான நிலையம் முழுக்கக் கேட்டது. உடனே ஃபரா ஹேங்கருக்குப் போன் செய்தாள். அவர் முன்னால் பெரிய சரக்கு விமானம் இறங்குகிறது, விலகச் சொன்னால் காதில் விழவில்லை, அவர் கைப்பேசி எண் இருக்கிறதா, உடனே கூப்பிடுங்கள் என்றாள். பெரிய விமானம் போன வழியில் சில நிமிடம் காற்று சுழன்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சின்ன விமானம் உள்ளே போனால் கவிழ்த்துவிடும்.

எண் இருந்தது. அவருடைய ஹெட்செட்டில் போன் பேசலாம். வாங்கிய அன்றே என்னைக் கூப்பிடச் சொல்லிக் காட்டியவர் அவர். கூப்பிடுகிறேன் என்று ஃபராவிடம் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். ரேடியோவில் அவர் என் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரிசி போடும் இடம் வந்தது.

"போதும், விடுங்க. பொண்டாட்டிய இழந்த மனுசன், பாவம்," என்றார் ஆச்சி.

அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் இருந்தது. என் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன். பிறகு ரேடியோவில் ஒரு சத்தம், அப்புறம் அமைதி. அலைவரிசை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் கேட்டதே இல்லை.

ஆகவே அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். பொத்தானில் குறையில்லை. சண்முகம் கேட்டதைக் கொடுத்தேன். அவர் கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

எழுந்து போகும்போது வாசலில் நின்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஆச்சி எனக்காகப் பேசியதைக் காதால் கேட்டுவிட்டும், வேண்டுமென்றேதான் போனைத் தொடாமல் இருந்தேனா என்று. அதற்குப் பதில் இப்போது எழுதுகிறேன்.

ஓம்.

மலாயில் மொழிபெயர்ப்பவரிடம் இந்தச் சொல்லை 'யா' என்று போடச் சொல்லுங்கள். மந்திரம் என்று நினைத்து விட்டுவிடப் போகிறார்.