போகித் தீயில் போன கோல நோட்டுகள்

ஓடுகிறேன். ஒரு செருப்பு மைதானத்திலேயே போயிற்று. முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி இன்னும் சிரிக்கிறது. 1989. போகிக்கு முந்தின நாள். மாலை ஐந்து பன்னிரண்டு. ஆவடி, தொழிற்சாலைக் குடியிருப்பு. நாலரைச் சங்கு ஊதி ஆண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். செல்வியின் புருஷனும் அந்தக் கூட்டத்தில் நின்றான். பார்த்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"செல்வி! ஊட்ட உட்டு ஓடுடி! அவன் வர்றான்!" ஓடிக்கொண்டே கத்துகிறேன்.

இதைப் போர் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களுக்கும் பதுங்குகுழி இருந்தது. கோல நோட்டு.

மார்கழி பிறந்தால் கோல நோட்டு வீடு வீடாகப் போகும். ஒருத்தி வரைந்ததை இன்னொருத்தி பார்த்து வரைந்துகொள்வாள். எந்த ஆம்பிளையும் அதைப் பிரிக்க மாட்டான். அதனால் இடது பக்கம் கோலம். வலது பக்கம் கவிதை. நாங்கள் ஐந்து பேர். அடுப்படியில் வாங்கிய அடி, படுக்கையில் வாங்கிய அடி, எல்லாம் அதில் எழுதினோம். செல்வி கரையான்சாவடிக்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்களில் அவள் எழுதியதுதான் கவிதை. நாங்கள் எழுதியது புலம்பல்.

அன்று காலை கோலப் போட்டி. செல்விக்கு முதல் பரிசு. மாலை பரிசு வாங்க அவள் வரவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. அவளுக்காக நான் போனேன். அவள் நோட்டை அந்த வாரம் வைத்துக்கொள்வது என் முறை. பையில் இருந்தது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேட்டார்: "இத்தனை புள்ளிய எப்பிடிம்மா வச்சாங்க? நோட்டு இருந்தா குடு, மேடையில காட்றேன்."

கொடுத்தேன். பெருமையில் கொடுத்தேன். வலது பக்கம் என் புத்தியில் வரவேயில்லை. அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அவர் கோலத்தைக் காட்டினார். வலது பக்கத்தைப் பார்த்தார். மைக்கில் படித்தார்.

என் முதுகில் நீ
பீடியால் வைத்த புள்ளி பதினேழு.
எண்ணி முடித்தேன்.
இனிமேல் கோடு இழுப்பது நான்.

கூட்டம் விசிலடித்தது. "இன்னொரு தபா, அண்ணாத்தே!" மூன்று தடவை படித்தார்.

அவள் வீட்டுக்குள் நுழைகிறேன். செல்வி அடுப்படியில் நிற்கிறாள். எனக்கு மூச்சு வாங்குகிறது. "உன் கவிதைய அந்தச் செயலாளர் மைக்ல படிச்சுட்டான்டி. கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நல்லா படிச்சானாக்கா?" என்று கேட்டாள். பாவி, அதைத்தான் கேட்டாள்.

கதவு சுவரில் மோதும் சத்தம். மேடையிலிருந்து பிடுங்கிய நோட்டு அவள் புருஷன் கையில். என் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளினான். தாழ்ப்பாள் சத்தம். மண்ணெண்ணெய் டின் தரையில் உருளும் சத்தம். கதவை அடிக்கிறேன். கத்துகிறேன். அப்புறம் செல்வியின் குரல். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. ஐந்து இருபத்தாறு.

"கோணி கொண்டா! கதவ ஒடை!" அக்கம்பக்கத்தார் கத்தினார்கள்.

ராத்திரி போலீஸ்காரர் வந்தார். "ஸ்டவ் வெடிச்சுதாம்மா?" என் புருஷன் என் பின்னால் நின்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. வெடித்தது என்றேன். ஸ்டவ் அடுப்படியில் முழுசாக இருந்தது. அவரும் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

விடிந்தால் போகி. ஐந்து மணிக்கே பிள்ளைகள் மேளம் அடிக்கிறார்கள். டயர் நாற்றம். தெருவில் நாங்கள் நாலு பேர். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கிழிந்த பாய், பழந்துணி, அதற்கு நடுவில் கோல நோட்டு. யாரும் சொல்லாமலே நாலு பேரும் கொண்டுவந்திருந்தோம். குச்சியால் கிளறிவிட்டேன், சீக்கிரம் எரியட்டும் என்று.

"பழசெல்லாம் போட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து என் புருஷன் கேட்டான்.

ஆச்சு என்றேன்.

பொங்கலன்று பகல் பன்னிரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரியில் செல்வி போய்விட்டாள். பக்கத்து வீடுகளில் பானை பொங்கியது. சித்திரையில் அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். நான் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டேன்.

போனது: செல்வி, வயது இருபத்தாறு. நோட்டுகள் ஐந்து. ஒன்று அவளோடு எரிந்தது, நாலு நாங்கள் எரித்தோம். கவிதைகள் எத்தனை என்று தெரியாது. எண்ணாமல் போட்டுவிட்டோம். ஒரு சாட்சி, நான்.

மிஞ்சியது அந்த நாலு வரி. அதுவும் அந்தச் செயலாளர் மூன்று தடவை படித்ததால்தான் எனக்கு மனப்பாடம்.