வெயில் படாத ரேக்

டிவிடி உறையை வெயில் படாமல் வைத்தால் எத்தனை வருஷம் ஆனாலும் நிறம் போகாது. ஜன்னல் ஓரம் அடுக்கிவிட்டு, முதலில் சிவப்பு போய்விட்டது, பிறகு மஞ்சள் போய்விட்டது, கடைசியில் கதாநாயகன் முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது என்று அலுத்துக்கொள்வார்கள். என் பொறுப்பில் இருந்தவரை ஓர் உறைகூட வெளுத்ததில்லை. நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நானும் பொறுமையாகவே சொல்கிறேன், ஐயா.

ஓசூரில் வீட்டுச் சாமான் விற்கும் அந்தப் பெரிய கடையில் நான் சேர்ந்தபோது, வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவர் முழுக்க டிவிடிதான். கண் மட்டத்தில் புதுப் படங்கள், இடுப்பு மட்டத்தில் பக்திப் பாடல்கள், அதற்கும் கீழே குழந்தைப் பாட்டுகள். குழந்தை கையை நீட்டி எடுத்துவிட்டால் அப்பன் வாங்காமல் போகமாட்டான். அந்தச் சுவரை அடுக்கியது நான். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அதன் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். "மாதேஷ், புதுசு என்ன வந்திருக்கு?" என்று என் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

சுபாஷ் மேனேஜராக வந்தபின் சுவர் குறைய ஆரம்பித்தது. அவர் கர்நாடகத்து ஆனேக்கல்காரர். தினமும் எல்லை தாண்டி பைக்கில் வருவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்தவே மாட்டார், எனக்கு ஆத்திரமே அதுதான். கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். எந்த அலமாரியில் எதை வைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அவர் போனுக்குப் படம் வரும். அதைக் காட்டி, "மாதேஷ், ஒரே ஒரு தட்டு விடுங்க. ஏர் ஃபிரையர் வெக்கணும்" என்பார். விட்டேன். அடுத்து செல்போன் கவருக்கு இரண்டு தட்டு. ஒவ்வொரு முறையும் என் கையாலேயே காலி செய்யச் சொல்வார், முடித்ததும் தோளில் தட்டிக் கொடுப்பார்.

பிறகு என்னை மாடிக்கு அனுப்பினார்கள், மிக்ஸி ஜார்களுக்குப் பின்னால். அங்கிருந்தும் தள்ளிக் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரே ஓர் இரும்பு ரேக். அதன் முன்னால் நின்று படம் தேடுகிறவரைப் பார்த்து, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்க ஆள் இல்லை என்று சுபாஷ் சொன்னது பொய். நாகரசம்பட்டியிலிருந்து கிருஷ்ணப்பன் என்ற மாந்தோப்புக்காரர் மாதம் தவறாமல் வருவார். கூத்து டிவிடியாகப் பார்த்து வாங்குவார். ரேக் மாடிக்குப் போனதும் அவர் வரவில்லை. முழங்கால் வலிக்காரர், படி ஏறுவாரா? பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக் கூத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் வாங்கிக் குடுத்துட்டான்பா. எல்லாமே இதுல வருதே" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரேக் கீழேயே இருந்திருந்தால் அவர் எதற்குப் போன் வாங்குகிறார்? அதுவும் சுபாஷ் செய்த வேலைதான். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கன்னடத்தில் 'ஹிடி' என்றால் 'பிடி' என்று அர்த்தம். ஆனேக்கல் பக்கத்துப் பேச்சில் அந்த 'ஹ' பாதி நேரம் விழாது. கேட்பதற்கு 'இடி' என்றே இருக்கும். ஆனி மாதம் ஒரு வாஷிங் மெஷினை வண்டியிலிருந்து இறக்கும்போது கை நழுவி, சுபாஷ் "இடி, இடி" என்றார். எதிர்ப்பக்கம் இருந்த தங்கதுரை சிவகங்கைக்காரன். தமிழில் சொல்கிறார் என்று நினைத்துத் தோளைக் கொடுத்து ஒரே இடியாக இடித்துவிட்டான். சுபாஷின் விரல் நசுங்கியது.

"ஏம்ப்பா, பிடின்னு சொன்னா இடிக்கிறியே" என்று அவர் விரலை உதறிக்கொண்டே சிரித்தார்.

"நீங்கதான சார் இடின்னீங்க" என்றான் தங்கதுரை. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போனேன்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய அன்று சுபாஷ் மாடிக்கு வந்தார். கடைசி ரேக்கும் போகிறது, அந்த இடத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் வரப்போகிறது என்றார். டிவிடியை எல்லாம் என்ன செய்வது என்று கேட்டேன்.

"பழைய இரும்புக்காரர் வர்றாரு. ரேக்கோட சேர்த்து எடைக்குப் போட்டுடலாம். உங்களுக்கு ஒண்ணும் கவலை வேண்டாம் மாதேஷ், செல்போன் கவர் செக்‌ஷன் உங்களுக்குத்தான். சம்பளம் அதேதான்" என்றார்.

எடைக்கு. பக்திப் பாட்டும் குழந்தைப் பாட்டும் துருப்பிடித்த தகரமும் ஒரே தராசில். ஆனாலும், "சரி சார்" என்றேன். "காலி பண்ணாம அப்படியே இறக்கிடலாம், எடைக்குத்தான போகுது" என்றேன்.

"கனமா இருக்காதா?"

"நாம ரெண்டு பேர் இருக்கமே சார். நீங்க கீழ்ப்பக்கம் பிடிங்க, மேல நான் பாத்துக்கறேன்."

மற்றவர்கள் எல்லாரும் கீழே கூட்டத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிவிடிகூட விழாதபடி பேக்கிங் டேப்பால் ரேக்கைச் சுற்றிக் கட்டினேன். பின்பக்கப் படி குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம் உண்டு. சுபாஷ் பின்னோக்கி இறங்கினார். திருப்பத்தில் ரேக் சுவரில் மாட்டிக்கொண்டது, அவர் 'இடி' என்றார், அதனால் இடித்தேன் என்று அன்றைக்குச் சொன்னேன். தங்கதுரையும் வாஷிங் மெஷின் கதையைச் சொல்லி எனக்காக அழுதான். நீங்கள் தூத்துக்குடிக்காரர். "இந்த ஊர்ல மூணு பாஷயக் கலந்து பேசியே உயிர வாங்குறாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, விபத்து என்று எழுதினீர்கள்.

ரேக் எங்கும் மாட்டவில்லை, ஐயா. அவருக்குக் கால் வழுக்கியது. மொத்தக் கனமும் அவர் நெஞ்சுக்குப் போனது. என்னைப் பார்த்து "இடி, இடி" என்றார். கையால் இழுத்துப் பிடித்திருக்கலாம், பிடிக்க எனக்குத் தெம்பு இருந்தது. அவர் இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னார். தள்ளினேன்.

நேற்று நடந்தது மட்டும் இல்லையென்றால் இது உங்களுக்குத் தெரிய வந்திருக்காது. அவருடைய மனைவி சௌமியா அவரது பைக் சாவியை வாங்கிப்போக இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். கையெழுத்துப் போட வந்த நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அழுதுகொண்டே, கடைசியாக என்ன சொன்னார் என்று தன் பாஷையில் கேட்டார். அப்படி அழுகிற ஒருவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இடி, இடி அந்த்ரு அம்மா" என்றேன். பிடி, பிடி என்று சொன்னாரம்மா.

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். "நிமகெ கன்னடா பருத்தா?" என்று கேட்டார். உங்களுக்குக் கன்னடம் வருமா என்று.

"நம்ம மனெ பாஷெனே" என்றேன். எங்கள் வீட்டுப் பேச்சே அதுதானே. தளிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். கடையில் சேர்ந்த புதிதில் என் பேச்சைக் கேலி செய்தார்கள், அதிலிருந்து கடையில் தமிழ் மட்டும்தான். சுபாஷுக்கே தெரியாது. வாசலில் நின்ற உங்கள் ஏட்டு முனிசாமி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர், கன்னடம் புரிந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோபத்தில் தள்ளியதாக மட்டும் எழுதாதீர்கள். கோபம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவர் முகம் ஞாபகம் வந்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. ஆனால் தள்ளியபோது நிதானமாகத்தான் தள்ளினேன். அவ்வளவு படி உருண்டும் உள்ளே ஒரு டிவிடிகூட உடையவில்லை, நீங்களே பிரித்துப் பார்த்தீர்கள்.

ஒரு வேண்டுகோள். வழக்குச் சாமான் என்று அந்த ரேக்கை ஸ்டேஷனுக்கு வெளியே போட்டு வைத்திருக்கிறீர்கள். மதியத்துக்கு மேல் அங்கே நேர் வெயில். இன்னும் கொஞ்ச நாளில் சிவப்பு போய்விடும். உள்ளே தூக்கி வைத்துவிடலாம், இரண்டு பேர் போதும். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.