அக்காவின் முட்டைக் கிண்ணம்

அந்தக் கடையில் தேநீருக்குக் காசு வாங்குவதில்லை. குடிக்கக் குடிக்க ஊற்றுவார்கள். அதற்காகத்தான் முதன்முதலில் உள்ளே போனோம் என்றால் சிரிப்பீர்கள், ஐயா. ஆனால் அதுதான் உண்மை. அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே, வீதியைக் கடந்தால் வந்துவிடும். பழைய சூஷிக் கடை. இப்போது நடத்துகிறவரின் தகப்பன் தொடங்கியதாம்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் மக்டலீன் அக்காவும் இறைச்சி தொடமாட்டோம். பூசை முடிந்தால் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. மன்னாரிலிருந்து வந்தவள், என்னைப்போலப் புருஷனை இழந்தவள். இங்கே வந்த நாள்முதல் ஒரே அறையில் இருந்தோம். அவளுடைய குறட்டை கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அன்றைய வெள்ளி கடைசி வெள்ளி. மறுநாள் அவளுடைய மகள் மெலனி வாகனத்தோடு வந்து அவளைப் பிறம்ரனில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. மெலனிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆள் தேவை. அக்கா முந்தின கிழமையே பெட்டி கட்டிவிட்டாள்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினேன். வந்து இருந்தேன். மறுபடி போய்க் கழுவினேன்.

“என்னடி, தணலில நிக்கிற மாதிரி?” என்று அக்கா கேட்டாள்.

“ஒண்டுமில்லை. கை பிசுபிசுக்குது.”

“நீயும் ஒருக்கா வாவன், அன்ரனெற். மெலனி வந்து ஏத்திக்கொண்டு போவாள்.”

“மெலனிக்கு என்ர பேரே தெரியாது, அக்கா. ‘அந்த அன்ரி’ எண்டுதான் சொல்லுறவள்.”

“அவளுக்கு எல்லாரும் அப்பிடித்தான். இனி என்னையும் ‘பேபிசிற்றர்’ எண்டு சொல்லப்போறாள், பார்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

“அப்ப ஏன் போறியள்?”

“பிள்ளையெல்லே கேக்குது.”

பரிமாறுகிற பெண் முட்டைக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தக் கடையில் முட்டையை அடித்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அவித்துத் தருவார்கள். அடியில் இறால் கிடக்கும். அக்காவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கடைக்காரருக்கும் அது தெரியும். அவளுக்கு மட்டும் இறால் போடாமல் அவித்து, பச்சை மூடி போட்டு அனுப்புவார். மூடியை எடுத்துவிட்டால் இரண்டு கிண்ணமும் ஒன்றுதான். அவள் வாய் சூடு தாங்காது. அதனால் இரண்டையும் கரண்டியால் கிண்டி ஆறவைப்பது எப்போதும் என் வேலை.

அன்றைக்கும் கிண்டினேன். என் கிண்ணத்தில் இருந்த இறாலை ஒரு துண்டும் விடாமல் பொறுக்கித் தின்றேன். இதைக் கட்டாயம் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளுக்கு இறால் கொடுக்கவில்லை. அது அவிந்த தண்ணீர் மட்டும்தான் அதில் இருந்தது.

அக்கா சாப்பிடமுன் கண்ணை மூடிச் செபிப்பாள். நீண்ட செபம். மன்னாரில் இருக்கிறவர்கள், செத்தவர்கள், எல்லாரையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பாள். அன்று என் பேரையும் சொன்னாள். தனியே இருக்கப்போகிறவளைக் காப்பாற்றும், ஆண்டவரே என்று. அந்த நேரத்தில் கிண்ணங்களை மாற்றி வைத்தேன்.

முதலில் உங்களிடம் வேறு மாதிரிச் சொன்னேன். இறால், நண்டு, கத்தரிக்காயெல்லாம் எங்கள் ஆட்களுக்குக் கிரந்திச் சாமான். உடம்பு கடிக்கும், தடிக்கும், பிறகு தானாக அடங்கும். அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அது முழுதும் சரியில்லை. போன வருடம் கோயில் மண்டபத்தில், இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த கட்லற்றை அவள் தின்றுவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. டாக்குத்தர் கொடுத்திருந்த, பேனைபோன்ற ஊசியை அவளுடைய கைப்பைக்குள்ளிருந்து எடுத்துத் தொடையில் குத்தியவள் நான்தான். குத்திக் கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்துவிட்டது. எழும்பி வீட்டுக்கு நடந்து போகலாம் என்று கூடச் சொன்னாள்.

அதுதான் இடைஞ்சல். ஊசி போட்டால் சுகமாகிவிடும். சுகமானால் சனிக்கிழமை போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தால், மெலனி வேறு ஆளைப் பிடித்துவிடுவாள் என்று எண்ணினேன்.

அரைக் கிண்ணம் சாப்பிட்டதும் அக்கா தொண்டையைத் தடவினாள். என்னைப் பார்த்தாள். பேச வரவில்லை. கைப்பையைக் காட்டினாள். நான் அதை எடுத்து என் காலடியில் வைத்து, மேலே என் கோட்டைப் போட்டேன். பரிமாறுகிற பெண் போனுக்கு ஓடினாள். கடைக்காரர் ஊசி, ஊசி என்று கேட்டார். ஆங்கிலம் விளங்காத மாதிரி இருந்தேன்.

அம்புலன்ஸ் வரும்வரைக்கும் அக்காவின் கையை நான் விடவில்லை. கடைசி மூச்சுவரை அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறம்ரனில் இப்படி வந்திருந்தால், பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க அவளுக்கு யார் இருந்திருப்பார்கள், சொல்லுங்கள்.