வேங்கிக்கால் மேடையில் எடுத்த மூன்று படங்கள்

ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். தருமன் மூட மாட்டான், ஐயா. சிரிப்பான். எவ்வளவு சோகமான பாட்டாக இருந்தாலும் சரி, கேமராவைக் கண்டால் போதும், முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்துவிடும். எட்டு வருஷம் அந்தப் பல்லைத்தான் படம் எடுத்தேன்.

நிதானமாக எழுதச் சொன்னீர்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள், சர்க்கரை கம்மியாக டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். நன்றி. முதலிலிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் சகாதேவன். மணலூர்பேட்டை ரோட்டில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் புகைந்தால் என் மேஜைக்குத்தான் வரும். வேலை முடிந்தால் வயலின். எழுபத்து நான்கில் நானும் தருமனும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தோம். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோவில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். தருமன் பாடுவான். நான் அவனுக்கு வலது பக்கம் நின்று வாசிப்பேன். அந்த நான்கு வருஷம் நான் மனுஷனாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எழுபத்தெட்டில் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் தருமன் என் தோளில் கை போட்டான். "சகா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காதடா. வயலின் உனக்கு வரல. சுருதி சேர மாட்டேங்குது. நீ கீழ நின்னு எங்கள போட்டோ எடு. அதுவும் குழுவுல ஒரு வேலைதான்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன யாஷிகா கேமரா அப்போதே என்னிடம் இருந்தது. வயலினைப் பரண்மேல் போட்டேன். பாட்டு தெரிந்தவன் என்பதால் எந்த இடத்தில் தலை ஆடும், எந்த இடத்தில் கை உயரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தபலா வாசிக்கும் ராஜமாணிக்கத்தை நான் எடுத்த படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. தருமன் ஒருவன்தான் பிடிபடவில்லை. அவன் மனைவி சந்திரகலா என் படங்களை எல்லாம் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தாள். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அதே சிரிப்பு.

எண்பத்தைந்தில் ஒரு கல்யாண மேடையில் தூறல் விழுந்தது. மைக் ஸ்டாண்டைப் பிடித்த தருமனுக்கு லேசாக ஷாக் அடித்தது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் அவன் முகம் இருந்ததே, ஐயா, அதில் சிரிப்பு இல்லை, பாடகன் இல்லை, யாருக்காகவும் வைத்துக்கொண்ட முகம் இல்லை. அப்போது என் ஃபிளாஷ் தயாராக இல்லை. ஒரு முறை அடித்தால் மறுபடி சூடேற பன்னிரண்டு வினாடி ஆகும். படம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து தருமன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். கச்சேரிக்கு முன்னால் ஒயரெல்லாம் நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் மைக்கைத் தொடுவான். மைக் செட்டுக்காரர்களை அவன் நம்பவில்லை. என்னைத்தான் நம்பினான்.

இந்த வருஷம் சித்திரையில் அவனுக்கு மெட்ராஸில் ஒரு பக்திக் கேசட் பாட வாய்ப்பு வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அட்டைப் படத்துக்கு எதைக் கொடுக்கலாம் என்று என் நெகட்டிவ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவன் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "கலர் போட்டோ வேணும்னு சொல்லிட்டாங்கடா. வேலூர்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. உன் போட்டோல எல்லாம் நான் ஒரே மாதிரி பல்லக் காட்டினு நிக்கிறேன்" என்றான்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரித்தவன் அவன், பழி என் கேமராவுக்கு. ஆனாலும் நான் சண்டை போடவில்லை. சிரிக்காத தருமன் ஒருவனை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு வேங்கிக்காலில் அம்மன் கோவிலுக்குக் கூழ் வார்த்தார்கள். சாயங்காலம் எங்கள் கச்சேரி. ஐந்து மணிக்கு மழை பெய்து விட்டது, மேடைப் பலகையெல்லாம் ஈரம். அம்மன் படம் வைத்த மேடையில் எங்கள் குழுவில் யாரும் செருப்போடு ஏற மாட்டோம். நான் கீழே நிற்பவன் என்பதால் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். மைக் செட்டுக்காரர் டீ குடிக்கப் போனார். ஸ்டாண்டுக்குப் போகும் ஒயரில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மோட்டார் கட்டுகிறவனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

தருமன் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து கேட்டான். "பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேன். தைரியமா பிடி" என்றேன்.

பொய் சொல்லவில்லை, பார்த்திருந்தேன்.

முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அதை அவன் எப்போதும் கைகூப்பியபடியேதான் பாடுவான், மைக்கைத் தொட மாட்டான். இரண்டாவது பாட்டு அம்மனுக்கு. பல்லவி திரும்பும் இடத்தில் இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்து முன்னால் சாய்வான். நான் விரலைப் பொத்தானில் வைத்திருந்தேன். பிடித்தான். முதல் படம் அது.

கை ஒட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து உதறியது. வாய் திறந்தபடியே இருக்க, தொண்டையிலிருந்து வந்த சத்தம் நான்கு குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டது. அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. முன்வரிசையில் இருந்த காசியம்மாள், கோவிலுக்குக் கூழ் காய்ச்சுகிற அம்மா, எழுந்து நின்று, "ஆத்தா வந்துட்டாடி" என்று கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர்கள் எழுந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆடி மாதம், அம்மன் சன்னதி, அம்மன் பாட்டு. ஒருவன் உடம்பு இப்படி ஆடினால் அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? ராஜமாணிக்கத்துக்கு மட்டும் புரிந்தது. தருமன் தோளைப் பிடித்து இழுத்தவர், தூக்கி எறியப்பட்டு தபலா மேல் விழுந்தார். ஆத்தா தள்ளிவிட்டாள் என்று அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரண்டு, கரண்டு என்று அவர் கத்தியது பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது. ஃபிளாஷ் சூடேறும்போது மெல்லியதாக ஒரு சத்தம் மேலே ஏறும், அதுவும் கேட்டது. ஃபிளாஷ் தயார் என்று அதன் சிவப்பு விளக்கு எரிந்ததும் இரண்டாவது படம் எடுத்தேன். உள்ளங்கையிலிருந்து புகை கிளம்பியிருந்தது. கருகல் வாடை கற்பூரத்தோடு கலந்து வந்தது. காதோரம் ஒரு கோடு ரத்தம். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவன் பார்க்கவில்லை.

சாமி வந்தவர்களுக்கு மஞ்சள் நீர் ஊற்றுவது வழக்கம். காசியம்மாள் குடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரகலா கையில் கொடுத்தாள். புருஷன்மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அந்தப் பெண் அழுதுகொண்டே கும்பிட்டு, மேடை ஓரத்தில் நின்று, அவன் காலில் குடத்தைக் கவிழ்த்தாள். மறு நொடியே அவளும் தெறித்துக் கீழே விழுந்தாள். அதற்குள் விளக்கு மறுபடி எரிந்துவிட்டது. மூன்றாவது படத்தில் இருவருமே இருக்கிறார்கள். அதன் பிறகுதான் ராஜமாணிக்கம் எழுந்து மர ஸ்டூலால் ஒயரை அடித்துப் பிய்த்தார். தருமன் முகம் குப்புற விழுந்தான்.

எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். நானும் பாடை தூக்கினேன். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சந்திரகலா சுவரில் தலையை மோதிக்கொண்டு, நான் ஊத்தின தண்ணிதான் அவரைக் கொன்னுடுச்சு, நான் ஊத்தின தண்ணிதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் குடத்தைத் தொடும் முன்பே அவன் போய்விட்டான். இரண்டாவது நெகட்டிவைப் பெரிது பண்ணிப் பார்த்தால் தெரியும். செய்தது முழுக்க நான். பாதியை அவள் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மூன்று படத்துக்கு நடுவில் இருபத்துநான்கு வினாடி இருக்கிறதே, அவ்வளவு நேரம் ஏன் யாரும் மெயினை அணைக்கவில்லை, அது எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். மேடைக்கு இடப்பக்கம், சவுக்குக் கட்டையில், நெஞ்சு உயரத்தில் பெட்டி அடித்திருந்தார்கள். படம் ஆடாமல் இருக்க நான் முழங்கை ஊன்றியிருந்தது அதன்மேல்தான்.